மீட்டர் வைத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும்

கன்ட்ரோல் போர்டு பழுது பார்க்கிறவர்கள் ஒரு வகைப் போர்டுக்குப் "பேய் பிடித்தது" என்று பெயர் வைத்திருப்பார்கள். ஐசி மாற்றியாயிற்று, கெபாசிட்டர் மாற்றியாயிற்று, சப்ளை சுத்தமாக இருக்கிறது, மேசையில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. கொண்டுபோய் இடத்தில் மாட்டினால் அடம் பிடிக்கிறது. கோவையில் மோட்டார் ஸ்டார்ட்டர், தண்ணீர்த் தொட்டி லெவல் கன்ட்ரோலர், மில் மெஷின் போர்டு என்று சிறிய அளவில் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. இப்படி ஒன்று கைக்கு வந்தால் கருகிய பாகத்தைத் தேட மாட்டேன். போர்டைத் திருப்பிப் போட்டு, ஐசியின் எந்தக் காலிலிருந்து டிராக் (போர்டில் ஓடுகிற செம்புக் கோடு) எங்கேயும் போகவில்லை என்றுதான் முதலில் பார்ப்பேன். பேய்களில் பல அங்கேயே சிக்கிவிடும்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த ஸ்டார்ட்டர் போர்டு நல்ல உதாரணம். தோட்டக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "ஸ்டாப் அமுக்குனா டப்புனு நிக்குதுங்க. நின்ன கையோட தானா எடுத்துக்குதுங்க. கெணத்துக்குள்ள ஆளு எறங்கியிருக்கறப்ப இப்புடி ஆச்சுன்னா என்னங்க பண்றது?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏற்கெனவே யாரோ பார்த்து, கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற பெரிய ஸ்விட்ச்) காயிலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் போட்டிருந்தார்கள். அதனால் கோளாறு வருவது குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. வருவதும் வராததுமாக இருக்கிற கோளாறு, எப்போதும் இருக்கிற கோளாறை விட மோசம்.

போர்டில் இருந்தது 4013. இரண்டு ஃப்ளிப் ஃப்ளாப் (ஆன், ஆஃப் நிலையை நினைவில் வைத்திருக்கிற சர்க்யூட்) உள்ள ஐசி, ஒன்றைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். ஸ்டார்ட் பட்டன் 3ஆம் காலுக்கு கிளாக்காகப் போகிறது. 5ஆம் கால் சப்ளையோடு. ஸ்டாப் பட்டன் 4ஆம் காலில் ரீசெட். எல்லாம் சரி. 6ஆம் கால் செட், அதாவது சிக்னல் வந்தால் அவுட்புட்டை ஆன் ஆக்குவது. அதை யாரும் பயன்படுத்தவில்லை, அதனால் யாரும் எங்கும் சேர்க்கவும் இல்லை. ஈயம் பளபளவென்று வட்டமாக நிற்கிறது, டிராக் மட்டும் இல்லை. அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே ரிலே டிராக் ஓடுகிறது. ஸ்டாப் அழுத்துகிறார்கள், கான்டாக்டர் விடுகிறது, காயில் ஒரு பெரிய ஸ்பைக்கை உதைக்கிறது, காற்றில் தொங்குகிற 6ஆம் கால் அதை "செட்" என்று எடுத்துக்கொள்கிறது. மோட்டார் மறுபடி ஓடுகிறது. காயிலுக்குக் குறுக்கே போட்ட கெபாசிட்டர் ஸ்பைக்கைச் சின்னதாக்கியது. கேட்கிற காது திறந்தேதான் இருந்தது.

6ஆம் காலுக்கு அடுத்தது 7ஆம் கால், அதாவது கிரவுண்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு ஈயம் இழுத்துவிட்டதோடு வேலை முடிந்தது. கையோடு, பயன்படாத இன்னொரு ஃப்ளிப் ஃப்ளாப்பின் 8, 9, 10, 11 ஆகிய நான்கு கால்களையும் ஒரு வெற்றுக் கம்பியால் சேர்த்து 7க்கே கொண்டுவந்தேன். அந்த நான்கும் இன்புட். 12, 13 அவுட்புட், அவற்றைத் தொடவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதை ஒருமுறை எண்ணில் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. சிமாஸ் என்கிற வகை ஐசியின் (4013 அந்த வகைதான்) இன்புட் கால் உள்ளே போய்ச் சேருவது டிரான்சிஸ்டரின் கேட் என்கிற முனையில். அதைச் சுற்றி ஆக்சைடு, அதாவது கண்ணாடி மாதிரி காப்பு. கரண்ட் போக வழியே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கால் சுமார் 5 பைக்கோ ஃபாரட் கெபாசிட்டர், அவ்வளவே. 5 பைக்கோ ஃபாரட்டுக்குள் வெறும் 10 பைக்கோ ஆம்பியர் கசிந்தால் வோல்டேஜ் நொடிக்கு 2 வோல்ட் நகரும். 10 பைக்கோ ஆம்பியர் என்பது போர்டு மேல் படிந்த ஈரப்பூச்சுக்கு ஒரு பொருட்டே அல்ல. அதே கணக்கை 230 வோல்ட் லைனுக்கும் போடலாம். பக்கத்தில் போகிற மெயின்ஸ் வயருக்கும் காலுக்கும் நடுவில் 0.1 பைக்கோ ஃபாரட் இருந்தால் போதும், காலில் நாலரை வோல்ட் 50 ஹெர்ட்ஸ் ஏறிவிடும். 5 வோல்ட்டில் ஓடுகிற ஐசிக்கு அது முழு ஹை (சப்ளை அளவு), முழு லோ (கிரவுண்ட் அளவு).

நம்பாதவர்களுக்கு 4017 என்கிற எண்ணும் ஐசியைக் காட்டுவேன். பிரெட்போர்டில் பத்து எல்இடி, 13ஆம் காலும் 15ஆம் காலும் கிரவுண்டில், 14ஆம் கால் கிளாக் மட்டும் திறந்து விட்டிருக்கும், அதில் விரல் நீள வயர் ஒன்று. ட்யூப் லைட் எரிகிற அறையில் கையை அந்த வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே எல்இடிகள் பறக்கும். தொட்டால் நொடிக்கு ஐம்பது எண்ணிக்கை, அதாவது பத்து விளக்கும் நொடிக்கு ஐந்து சுற்று. கையை எடுத்தால் ஏதோ ஒன்றில் நிற்கும், எதில் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு 15ஆம் காலையும் கழற்றிவிட்டால் இன்னும் வேடிக்கை: எண்ணிக்கொண்டே போய் நடுவில் திடீரென்று முதல் விளக்குக்குத் தாவும். கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் என்று கொண்டுவருகிற சேசர் லைட்டில் பாதிக்கு மேல் இந்த 13, 15 சமாசாரம்தான்.

அடுத்து எல்லாரும் கேட்பது: சரி, பயன்படாத காலை எங்கே சேர்ப்பது? "கிரவுண்டுல போட்டுரலாமுங்களா?" என்று கேட்கிற பையன்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அந்தக் கால் என்ன வேலை செய்கிறது என்று. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கிரவுண்டில் போடுகிற பழக்கம், திறந்து விடுகிற பழக்கத்தை விட உருப்படியானதுதான். ஆனால் அதுவும் கழுத்தறுக்கும். 4013க்குச் செட், ரீசெட் இரண்டும் ஹை வந்தால் வேலை செய்பவை, அதனால் கிரவுண்ட். 74ஹெச்சி74 அதே வேலை செய்கிற ஐசி. ஆனால் அதில் பிரீசெட், கிளியர் (செட், ரீசெட்டுக்கு மறு பெயர்கள்) இரண்டும் லோ வந்தால் வேலை செய்பவை. 4013 நினைப்பில் அதன் 1, 4, 10, 13 கால்களைக் கிரவுண்டில் போட்டால் கியூ, கியூ பார் என்கிற இரண்டு அவுட்புட்டுமே ஹையில் உறைந்து நிற்கும். கிளாக் எவ்வளவு கொடுத்தாலும் அசையாது. அவை நான்கும் சப்ளைக்குப் போக வேண்டும்.

லாஜிக் கேட்களில், அதாவது இன்புட்களைப் பார்த்து ஹை அல்லது லோ என்று பதில் கொடுக்கிற சர்க்யூட்களில், இன்னும் எளிது. மூன்று இன்புட் நேண்ட் கேட்டில் (எல்லா இன்புட்டும் ஹை ஆனால்தான் அவுட்புட் லோ) இரண்டுதான் தேவை என்றால் மூன்றாவது சப்ளைக்கு. கிரவுண்டில் போட்டால் அவுட்புட் எப்போதும் ஹை, கேட் செத்ததற்குச் சமம். ஆண்ட் கேட்டுக்கும் சப்ளைதான். நார், ஆர் என்றால் தலைகீழ், கிரவுண்டுக்கு. பயன்படும் இன்புட்டோடு பயன்படாததைச் சேர்த்துக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. 5 பைக்கோ ஃபாரட் 10 ஆகும், மெதுவாக ஓடுகிற சர்க்யூட்டில் அதனால் ஒன்றும் குடிமுழுகாது. எனக்கென்னவோ அது பிடிப்பதில்லை. பிறகு பழுது பார்க்கிறவனுக்கு எது சிக்னல், எது சும்மா கட்டியது என்று தெரியாது.

முழு கேட்டே பயன்படாமல் இருந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போடலாம், அதனால் டிராக் போடுவதற்கு எது வசதியோ அது. 4011இல் 12, 13, 14 மூன்றும் ஒட்டி இருக்கின்றன, 14 சப்ளை, ஒரே இழுப்பு. 5, 6, 7 ஒட்டி இருக்கின்றன, 7 கிரவுண்ட். 8, 9 கால்கள் 7க்கு நேர் எதிர் வரிசையில் அதே முனையில், ஐசிக்கு அடியில் ஒரு குறுக்கு டிராக் போதும். அதனால் இரண்டு கேட் போதும் என்கிற லெவல் கன்ட்ரோலரில், பயன்படுத்த எந்தெந்த கேட்டை எடுக்கிறோம் என்பதையே மிச்சம் வருகிற கால்களைப் பார்த்து முடிவு செய்தால் ஜம்பர் வயர் மிச்சம்.

இனி டிடிஎல், அதாவது சிமாஸுக்கு முந்திய வகை ஐசிகளின் கதை. "ஓப்பனா விட்டா ஹை, அதுக்கு எதுக்கு வயரு?" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிளாஸ்டிக் 7400 வரிசை 1966இல் வந்தது. அதன் இன்புட்டை லோ ஆக்க வேண்டுமானால் உள்ளிருந்து வருகிற கரண்டை வெளியே இழுக்க வேண்டும், இழுக்காவிட்டால் ஹை என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்து ஆர்சிஏ நிறுவனம் சிமாஸில் 4000 வரிசையைக் கொண்டுவந்தது, அதற்கு இந்தக் குணம் இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வேலை செய்து பழகிய தலைமுறை ஒன்றின் வழக்கத்தை மற்றதற்கும் கொண்டுபோனது. டிடிஎல்லிலும்கூடத் திறந்த கால் ஹை என்பது அரைகுறை ஹைதான். மீட்டரில் பார்த்தால் ஒன்றரை வோல்ட் சுமாருக்கு நிற்கும், லோ ஆவதற்கு மிக அருகில். அமைதியான இடத்தில் ஓடும்.

மில்லில் அமைதியான இடம் ஏது? ஒரு கோன் வைண்டிங் மெஷினின் பழைய போர்டு வந்தது. அதில் 74எல்எஸ்10, டிடிஎல் வகை ஐசி, மூன்று இன்புட் நேண்ட் மூன்று இருக்கும். ஒரு கேட்டில் ஒரு இன்புட் ஆரம்பத்திலிருந்தே திறந்து கிடந்திருக்கிறது, எல்எஸ் என்பதால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. ஐசி போய்விட்டது, மில் எலெக்ட்ரீஷியன் கடையில் கேட்டிருக்கிறார், "பத்தாம் நம்பர்" என்று. கடைக்காரர் கையில் இருந்த 74ஹெச்சி10ஐக் கொடுத்துவிட்டார், அது சிமாஸ். நம்பர் ஒன்று, கால் அமைப்பு ஒன்று, மாட்டினால் ஓடுகிறது. பக்கத்து மெஷின் ஸ்டார்ட் ஆனால் இது நின்றுவிடுகிறது.

இங்கே சிக்கல் இரண்டு. ஒன்று, திறந்த கால் இப்போது ஹை இல்லை, எதுவுமில்லை. இன்னொன்று, 5 வோல்ட்டில் ஹெச்சி ஹை என்று ஒப்புக்கொள்ள 3.5 வோல்ட் கேட்கும். முன்னால் இருக்கிற எல்எஸ் ஐசி 2.7 வோல்ட் கொடுத்தாலே தன் கடமை முடிந்தது என்று இருக்கும். இரண்டாவதற்கு மருந்து ஹெச்சிடி, அது 2 வோல்ட்டையே ஹை என்று ஏற்கும். ஆனால் ஹெச்சிடி போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. அதன் உள்ளே இருப்பதும் சிமாஸ்தான், திறந்த கால் திறந்த கால்தான். எல்எஸ் இருந்த இடத்தில் ஹெச்சியோ ஹெச்சிடியோ போடுகிறவர்கள் ஒவ்வொரு இன்புட்டும் எங்கே போகிறது என்று தடவிப் பார்க்காமல் பவர் கொடுக்காமல் இருப்பது நல்லது. சென்னை ரிச்சி தெருவானாலும் உள்ளூர்க் கடையானாலும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று எழுத்தைச் சொல்லிக் கேளுங்கள். நம்பர் மட்டும் சொன்னால் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

ரெசிஸ்டர் வழியாகப் போடுவதா, நேராகப் போடுவதா என்பதில் வாத்தியார்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். சிமாஸ் இன்புட்டை நேராகவே சப்ளையிலோ கிரவுண்டிலோ போடலாம், ஐசிக்கு ஒரு கெடுதலும் இல்லை. இருந்தாலும் நான் புதிதாகப் போடுகிற போர்டில் செட், ரீசெட், எனேபிள் மாதிரி முக்கியமான கால்களுக்கு 10கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் வழியாகத்தான் போடுவேன். நாளைக்கு வாடிக்கையாளர் வந்து "இதுல ஒரு எமர்ஜென்சி ஸ்டாப் சேத்துக் குடுங்க" என்பார்; டிராக் வெட்டாமல் அந்தக் காலுக்கு ஒரு வயர் கொடுத்துவிடலாம். டெஸ்ட் பண்ணும்போதும் அந்தக் காலைக் கையால் ஹை, லோ ஆக்கிப் பார்க்க முடியும்.

மதிப்பு 10கே-யிலிருந்து 100கே வரை இருக்கலாம். 1 மெக் (மெகா ஓம்) போடுகிறார்கள், வேண்டாம். சூட்டில் இன்புட் கசிவு 1 மைக்ரோ ஆம்பியர் வரை போகலாம் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. 10கே-யில் அது 10 மில்லி வோல்ட், ஒன்றுமில்லை. 1 மெக்கில் 1 வோல்ட், அதன் மேல் ஸ்பைக் வந்து உட்கார்ந்தால் போயிற்று. ஒரே 10கே-யில் பத்துக் கால்களைச் சேர்த்துக் கட்டினாலும் 0.1 வோல்ட்தான், கவலையில்லை.

டிடிஎல்லுக்கு வந்தால் இதே 10கே கிரவுண்டுப் பக்கம் வேலைக்கு ஆகாது. எல்எஸ் இன்புட்டை லோவில் வைக்க 0.4 மில்லி ஆம்பியர் வரை இழுக்க வேண்டியிருக்கும். 10கே வழியாக அது இறங்காது, கால் லோவுக்கு வராமலே நிற்கும். சிமாஸில் வளர்ந்த இளம் பொறியாளர்கள் பழைய எல்எஸ் போர்டில் புல் டவுன் (காலைக் கிரவுண்டுக்கு இழுக்கிற ரெசிஸ்டர்) போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வது இதில்தான். எல்எஸ் இன்புட் லோ வேண்டுமா, நேராகக் கிரவுண்ட். ஹை வேண்டுமா, 1கே வழியாகச் சப்ளை. அந்த ஒரு 1கே பத்து இன்புட்டுக்குக்கூடத் தாங்கும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பட்டறையில் பையன் அடிக்கடி சொல்கிற புகார்: "அண்ணா, மீட்டர் வெச்சா ஓடுதுங்க, எடுத்தா நின்னு போகுதுங்க." இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளே 10 மெகா ஓம் இருக்கிறது. கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை காலில் என்று வைத்த உடனே நாமே அந்தக் காலுக்கு 10 மெக் புல் டவுன் போட்டுவிட்டோம். கால் சாதுவாக லோவுக்கு வந்துவிடும், மீட்டரும் 0 காட்டும், "லோ இருக்கு, சரிதானே" என்று நாமும் அடுத்த காலுக்குப் போய்விடுவோம். ஸ்கோப் வைத்தாலும் அதே கதைதான், பத்து மடங்கு புரோபிலும் 10 மெக்.

அதனால் சந்தேகமான காலை இரண்டு விதமாக அளக்க வேண்டும். முதலில் வழக்கம்போலக் கிரவுண்டிலிருந்து. பிறகு சிவப்பு முனையைச் சப்ளையில் வைத்து, கறுப்பு முனையைக் காலில் வைத்து. ஒழுங்காகக் கட்டிய கால் என்றால் இரண்டு அளவையும் கூட்டினால் சப்ளை வோல்டேஜ் வர வேண்டும்: 12 வோல்ட் போர்டில் ஒன்று 0, மற்றது 12. திறந்த கால் இரண்டிலும் 0 பக்கத்தில் காட்டும், ஏனென்றால் மீட்டர் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகிறது. கண்டுபிடித்துவிட்டோம். இன்னும் நிச்சயம் வேண்டுமானால் ஒரு 100கே ரெசிஸ்டரை எடுத்து, ஒரு முனையைக் காலில் வைத்து மறு முனையைச் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் மாற்றி மாற்றித் தொடலாம். வேறு அவுட்புட் ஓட்டுகிற கால் இதற்கு அசையாது, அனாதைக் கால் ஆடும். பழைய முள் மீட்டர் இந்த வேலைக்கு உதவாது, அது இழுக்கிற இழுப்பு இன்னும் அதிகம்.

இதே காரணத்தால் வருகிற இன்னொரு வினோதம், கழுவினால் கெட்டுப்போகிற போர்டு. கையால் சால்டர் செய்த லெவல் கன்ட்ரோலர்கள், அடியில் ஃப்ளக்ஸ் பிசின் பழுப்பாகப் படிந்திருக்கும். அப்படியே நன்றாக ஓடின. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவர் தின்னர் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினார், அதற்கப்புறம் மோட்டார் நினைத்த நேரத்துக்கு ஓடியது. தின்னர் ஐசியைக் கெடுத்துவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். உண்மையில் அந்த அழுக்குத்தான் இவ்வளவு நாள் திறந்த காலுக்கும் பக்கத்துக் கிரவுண்டுக்கும் நடுவில் சில மெகா ஓம் ரெசிஸ்டராக இருந்து காப்பாற்றியிருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் சரியாகிவிடுகிற போர்டு, மழைக்காலத்தில் மட்டும் கெட்டுப்போகிற போர்டு, இரண்டுமே இந்த ஜாதிதான். ஈரக் கசிவு காலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் வித்தியாசம். பஞ்சுத் தூசி படிகிற மில் பேனலில் இது இன்னும் சீக்கிரம் தெரியும்.

பயன்படாத கேட்டின் அவுட்புட்டைத்தான் யாரும் பயன்படுத்தவில்லையே, அதன் இன்புட் எப்படி ஆடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு பேட்டரியைக் காட்ட வேண்டும். சிமாஸ் கேட்டில் மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒரு டிரான்சிஸ்டர். இன்புட் முழு ஹை அல்லது முழு லோ என்றால் இரண்டில் ஒன்று மூடியிருக்கும், சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு வழி இல்லை. நடுவில் நின்றால் இரண்டும் பாதி திறந்து, கரண்ட் நேராக ஓடும். 4011 சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில், அறை வெப்பத்தில், அதிகபட்சம் 0.25 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்க வேண்டும். நடுவில் தொங்குகிற இன்புட் இருந்தால் 9 வோல்ட்டில் சில நூறு மைக்ரோ ஆம்பியரிலிருந்து மில்லி ஆம்பியர் வரை போகலாம். 1 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 500 மில்லி ஆம்பியர்-ஹவர் கொள்ளளவு உள்ள 9 வோல்ட் பேட்டரி மூன்று வாரத்தில் காலி. ஐசியைத் தொட்டால் லேசாகச் சூடு தெரிகிறதா என்றும் பார்க்கலாம். எந்த லோடும் ஓட்டாத 4000 வரிசை ஐசி சூடாக இருக்கக் காரணமே இல்லை. அது மட்டுமல்ல, நடுவில் நிற்கிற கேட் பெரும்பாலும் சும்மா நிற்பதில்லை, ஆசிலேட் ஆகும். அந்த அதிர்வு சப்ளை வழியாகப் பயன்படுகிற கேட்டுக்கும் போய்ச் சேரும்.

போர்டுக்கு வெளியே போகிற இன்புட்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டால், எலி வயரைக் கடித்துவிட்டால், அந்த இன்புட்டும் அன்றைக்குப் பயன்படாத இன்புட்தான். புல் அப் (காலைச் சப்ளைக்கு இழுக்கிற) ரெசிஸ்டரை சென்சார் பக்கம் வைத்து போர்டில் வைக்காமல் விடுவது இதனால்தான் ஆகாது. வயர் அறுந்தாலும் ரெசிஸ்டர் ஐசியோடு இருக்க வேண்டும். எந்தப் பக்கம் இழுப்பது என்பதையும் வயர் அறுந்த நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்: தொட்டி நிறைந்துவிட்டது என்று சொல்கிற ஃப்ளோட் ஸ்விட்ச் வயர் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டுமே தவிர, ஓடிக்கொண்டே இருந்து மாடி வழிந்து பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வரக் கூடாது.

மைக்ரோ கன்ட்ரோலர் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறார்கள். கரண்ட் போய் வந்த உடனே ரிலே ஒரு தட்டு தட்டுகிறதா? புரோகிராம் ஓட ஆரம்பித்துப் போர்ட்டை அவுட்புட் என்று சொல்கிற வரைக்கும் ஏவிஆர் மாதிரி கன்ட்ரோலர்களின் கால்கள் எல்லாம் இன்புட்டாகத்தான் கிடக்கும். அதற்கு அடுத்து இருக்கிற 74ஹெச்சி ஐசியின் இன்புட்டோ மாஸ்ஃபெட்டின் கேட்டோ அந்த நேரம் முழுக்கக் காற்றில். 10கே புல் டவுன் ஒன்று போட்டால் சத்தம் நின்றுவிடும். 74ஹெச்சி595 வைத்து ஓடுகிற எழுத்துப் பலகை செய்கிறவர்கள் 13ஆம் காலைக் கிரவுண்டிலும் 10ஆம் காலைச் சப்ளையிலும் போட மறந்துவிட்டு, டேட்டா வயரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். 8051 குடும்பத்தில் ஏடி89எஸ்52 பயன்படுத்துகிறவர்களுக்கு 31ஆம் கால். அதைச் சப்ளையில் போடாவிட்டால் புரோகிராமை உள்ளே தேடுவதா வெளியே தேடுவதா என்று சிப்பே குழம்பும். கன்ட்ரோலரின் சும்மா கிடக்கிற கால்களுக்கு வயர் வேலையே வேண்டாம். ஏடிமெகா328பி-யில் உள் புல் அப்பைப் போட்டுவிட்டால் போதும்; அல்லது அவுட்புட் ஆக்கி லோவில் வைக்கலாம். இரண்டாவதைச் செய்கிறவர்கள் அந்தக் காலைத் தவறியும் வேறெதனோடும் சேர்த்துவிடக் கூடாது.

74ஹெச்சி245 மாதிரி இரு பக்கமும் போகிற ஐசிகளில் மட்டும் நேராகக் கட்டாதீர்கள், ரெசிஸ்டர் அவசியம். இன்றைக்கு இன்புட்டாக இருக்கிற கால், டைரக்‌ஷன் மாறினால் அவுட்புட் ஆகிவிடும்; நேராகக் கிரவுண்டில் இருந்தால் அது ஹை போக முயன்று ஐசியையே சுட்டுவிடும்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்த பிறகு புதுப் பையன்கள் அடுத்த கோடிக்குப் போவார்கள். டிராக் இல்லாத கால் எதைக் கண்டாலும் கிரவுண்டில் ஈயம் இழுப்பார்கள், அவுட்புட்டையும் சேர்த்து. 4011இல் பயன்படாத கேட்டின் 10, 11 கால்கள் அவுட்புட். அவற்றை அப்படியே விட வேண்டும். ஹை கொடுக்க நினைக்கிற அவுட்புட்டைக் கிரவுண்டில் கட்டினால் மில்லி ஆம்பியர் கணக்கில் எரியும். டேட்டா ஷீட்டில் என்சி (உள்ளே எதனோடும் சேராதது) என்று போட்டிருக்கிற கால்களையும் விட்டுவிடலாம். 4049, 4050 இரண்டிலும் 13, 16 கால்கள் அப்படி வெறுமனே நிற்பவை, சப்ளை 1ஆம் காலில். வழக்கத்தில் 16இல் சப்ளை கொடுத்துவிட்டு, ஐசி டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவர்களும் உண்டு.